திரும்பி நிற்கும் அக்கா

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
24 சூன் 2024

பெற்றோரே! பாலக்கரையின் பெருங்குடி மக்களே! உங்கள் மகள் பள்ளியில் படிக்கிறாள் என்ற நம்பிக்கையில் நீங்கள் கடை திறக்கிறீர்கள், அடுப்பு மூட்டுகிறீர்கள். அவளோ அங்கே கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். படிக்க மனமில்லாமல் அல்ல. கையில் ஏடு இல்லாமல்! அரசு தந்த பாடநூல் பையில் இருக்கிறது. அது போதாதாம். தனியார் பதிப்பகம் ஒன்றின் பயிற்சி நூலை வாங்கியவர்களுக்கே வாசிப்பு வகுப்பாம். வாங்காதவள் பக்கத்துப் பிள்ளையின் நூலை எட்டிப் பார்க்கலாமாம். அந்நூலின் முதற்பக்கத்திலோ 'படியெடுத்தல் குற்றம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளை படிக்க ஒரு தாளைப் படியெடுப்பது குற்றமென்றால், பிள்ளையைப் படிக்கவிடாமல் உட்கார வைப்பதற்கு என்ன பெயர்?

அன்புத் தம்பி ஜமீல், உன்மீது அமைதி நிலவுக. மேலே கண்டது சென்ற வெள்ளியன்று எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நான் முழங்கியது. எல்லாரும் தலையசைத்தார்கள், சமோசா தின்றார்கள், கலைந்தார்கள். உன் மச்சான் மீரான் மட்டும், "மைக்கே இல்லாம காந்தி மார்க்கெட் வரைக்கும் கேட்டுச்சு" என்றார். அது பாராட்டா பழிப்பா என்று இன்றுவரை விளங்கவில்லை.

இங்கு யாவரும் நலம். உன் இடுப்புவலி எவ்வாறுள்ளது? ஏணியில் ஏறிப் பெயர்ப்பலகை மாட்டும் வேலையை மற்றவரிடம் விட்டுவிட்டாயா? 'போனில் நீ மேடை போட்டுவிடுகிறாய் அக்கா, எனக்குப் பேச இடமே கிடைப்பதில்லை, கடிதம் எழுது' என்று கட்டளையிட்டவன் நீ. எனவே எழுதுகிறேன். விடுமுறை முடிந்து மசுக்கட்டு திரும்பும் ரசூல் கையில் இது வரும்.

செய்தி இதுதான். ஊரடங்கில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது நம் மொட்டைமாடியில் அமர்ந்து வாசிப்புத் தாள்கள் செய்தோமே, நினைவிருக்கிறதா? நான் எழுதினேன், நீ வரைந்தாய், இர்பானா தேநீர் கொண்டுவந்தாள். அடுத்த ஆண்டே பெருந்தொற்று அவளை, உன் மனைவியைக் கொண்டுபோயிற்று; நீயும் கடல் கடந்தாய். அதைப் பற்றி எழுதவேண்டா என்று நீ கேட்டுக்கொண்டதால் அத்துடன் நிறுத்துகிறேன்.

அந்தத் தாள்களை என் உடனாசிரியர் டோமினிக் கணினியில் ஏற்றிவிட்டார். அவற்றைத் திறந்த உரிமத்தில் வெளியிடப் போகிறோம். எவரும் விலையின்றி எடுக்கலாம், படியெடுக்கலாம், தம் பிள்ளைகளுக்கேற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கும் கொடுக்கலாம்; ஆக்கியவர் பெயரை மட்டும் நீக்கக்கூடாது. திருவரங்கத்தில் தலைமையாசிரியர் அற்புதம்மாள் தம் பள்ளிக்குக் கேட்டிருக்கிறார். பச்சைமலை உறைவிடப் பள்ளி ஆசிரியை மலர்க்கொடி, மலைப்பிள்ளைகளுக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். சொற்களுக்கு நான் ஒப்பமிட்டேன். படங்களுக்கு உரியவன் நீ. ஒப்புதல் தாளை இத்துடன் வைத்துள்ளேன். ஒரு கையெழுத்து, தம்பி. ஆவணிக்குள் வந்தால் போதும்.

உன் உடன்பிறப்பு,
வஹீதா

*

மஸ்கட்
ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் 'அமைதி நிலவுக' வந்து சேர்ந்தது. ரசூல் கொடுத்துவிட்டு, "அக்கா கடுதாசியத் தொட்டாலே சூடா இருக்குண்ணே" என்று சிரித்தான்.

நான் நலமாக இருக்கிறேன். இடுப்பு பரவாயில்லை. ஏணி வேலையைப் பங்களாதேஷ் பையன் ஒருவன் செய்கிறான். எனக்குக் கடைக்குள்தான் வேலை. இந்த மாதம் முழுவதும் பழரசக் கடைகளுக்கு மாம்பழம் வரைந்தேன். எல்லா முதலாளிக்கும் தன் மாம்பழம்தான் பெரிதாக இருக்க வேண்டும். மச்சானுக்குச் சர்க்கரை குறைந்ததா? காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டார்களா?

தாள்களைப் பற்றி. எத்தனை பள்ளி வேண்டுமானாலும் நகல் எடுக்கட்டும். எனக்குக் காசு வேண்டாம், பெயரும் வேண்டாம். ஆனால் படங்களை யாரும் மாற்றக்கூடாது. ஒரு கோட்டைக்கூட. அப்படி எழுதிய தாளை அனுப்பு, அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்.

ஜமீல்

*

பாலக்கரை
30 சூலை 2024

அன்புத் தம்பி,

அமைதி நிலவுக. மச்சானுக்குச் சர்க்கரை குறையவில்லை. இனிப்பு தின்னும் துணிவு கூடியிருக்கிறது. மேட்டூர் திறந்துவிட்டது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் கரை தொட்டு நீர் போகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்தி மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். நீ இருந்தால் அங்கேயே உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பாய்.

உன் மடலை டோமினிக்கிடம் காட்டினேன். "எடுக்கலாம், மாத்தக்கூடாதுன்னு சொல்ற உரிமமும் இருக்கு டீச்சர்" என்றார். "ஆனா அது வீட்டத் தொறந்து விட்டுட்டு, எதையும் தொடாம நில்லுங்கன்னு சொல்ற மாதிரி." 

எண்ணிப்பார், தம்பி! பச்சைமலைப் பிள்ளை தெருக்குழாயைக் கண்டதில்லை. அவள் ஊரில் சுனை. உன் படத்தில் குழாய் இருக்கக் கதையில் மட்டும் சுனை என்று எழுதினால் அவள் எதை நம்புவாள்? திருவரங்கத்துப் பிள்ளைக்குத் தன் தெரு வேண்டும், தன் ஆற்றுப்படி வேண்டும். சூளைத் தொழிலாளியின் பிள்ளைக்குச் செங்கல் வேண்டும். தன்னைக் காணாத ஏட்டைப் பிள்ளை தன் ஏடென்று கொள்ளுமா? மாற்ற முடியாத ஏடு யாருக்கோ தைத்த சட்டை. அதைக் கொடுத்துவிட்டுக் கைத்தட்டலா கேட்பது?

அப்படி என்ன இருக்கிறது உன் படங்களில்? மாம்பழம், ஆடு, குடம், முதுகைக் காட்டி நிற்கும் யாரோ ஒரு பெண். சொல்லே உயிர்; படம் அதன் நிழல். நிழலுக்கு வேலி போடுவாயா நீ? படியெடுத்தல் குற்றமென்று அச்சிட்ட அந்தப் பதிப்பகத்துக்கும் என் உடன்பிறந்தானுக்கும் என்ன வேறுபாடு? அவன் காசுக்காகப் பூட்டுகிறான். நீ எதற்காக? அதையாவது சொல்.

மாற்றமில்லாத அதே ஒப்புதல் தாளை மீண்டும் வைத்துள்ளேன். நேரத்துக்கு உண்.

வஹீதா

*

மஸ்கட்
ஆகஸ்ட் 16

அக்காவுக்கு ஸலாம்.

நலம். நீங்கள் எல்லாரும் நலம்தானே?

என்னால் முடியாது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இதை மட்டும் கேட்காதே.

ஜமீல்

*

பாலக்கரை
2 செப்டம்பர் 2024

ஜமீலுக்கு,

அமைதி நிலவுக. நலம்.

உன் மடல் கிடைத்தது. காரணம் கேட்டேன், 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்லைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறாய். நன்று. பிள்ளைகள் உனக்காகக் காத்திருக்கமாட்டார்கள். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. மூன்றாம் வகுப்பில் பயிற்சி நூல் இல்லாதவர்கள் எல்லாரும் இப்போது கடைசி வரிசைக்கு வந்துவிட்டார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, தாமாகவே வந்துவிட்டார்கள். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

எனவே முடிவெடுத்துவிட்டேன். உன் படங்கள் வேண்டா! என் சொற்கள் போதும். டோமினிக் படங்களையெல்லாம் நீக்கிவிட்டார். வெறுஞ்சொல் ஏடாகவே நாளை வகுப்பில் கொடுக்கிறேன். உன் கோடுகளை நீயே வைத்துக்கொள். பூட்டி வை. கரையான் படியெடுக்காமல் பார்த்துக்கொள்.

வஹீதா

*

பாலக்கரை
13 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

அமைதி நிலவுக. என் சென்ற மடலுக்கு நீ மறுமொழி எழுதவில்லை. எழுதியிருக்க முடியாது என்று இப்போது அறிகிறேன். உடல் நலமா? உறங்குகிறாயா?

நடந்ததை அப்படியே சொல்கிறேன். இம்முறை மேடை இல்லை.

படமில்லாத ஏடுகளைக் கொடுத்தேன். ஆவலோடு வாங்கினார்கள். இரண்டாம் வரி தாண்டுமுன் கண்கள் சன்னலுக்குப் போய்விட்டன. உரக்கப் படித்தால் எதுவும் உயிர்பெறும் என்பது என் கொள்கையல்லவா, உரக்கப் படித்தேன். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். வாரங்கள் ஓடின. ஏடுகள் ஒவ்வொன்றாய்க் காற்றாடியாயின. 

அப்போதுதான் அல்ஷிஃபா என்றொருத்தி எழுந்தாள். கடைசி வரிசைக்காரி, இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"டீச்சர், இதுல அந்த அக்கா எங்க?"

"எந்த அக்கா?"

"திரும்பியே நிப்பாங்கல்ல, அந்த அக்கா. எங்க வீட்ல பழைய தாளு இருக்கு. கொரோனாவுல நீங்க குடுத்தீங்களாம், எங்கக்கா வச்சிருக்கு. அதுல தண்ணி புடிப்பாங்க. ஆட்டுக்குத் தழை போடுவாங்க. நீங்க அவங்கள எடுத்துட்டீங்களா?"

"முகமே தெரியாத படத்துல என்னம்மா இருக்கு?"

"அதான் டீச்சர். அடுத்த தாள்ல இந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு எங்கக்கா சொல்லும். அதுக்காகத்தான் அடுத்த தாளு படிப்போம். கடைசி வரைக்கும் படிச்சிட்டோம், திரும்பவே இல்ல. அதனால மறுபடி முதல்லேருந்து படிப்போம்."

என் சொற்களுக்காகப் படித்ததாக நான் எண்ணியிருந்தேன், தம்பி.

வீட்டுக்கு வந்து பரண்மேலிருந்த பழைய தாள்களை எடுத்து விரித்தேன். நான் எழுதிய அந்தப் பக்கங்களை முதன்முறையாகப் பார்த்தேன். குழாயடியில் நிற்கிறாள். கொடியில் துணி உலர்த்துகிறாள். ஆட்டுக்குத் தழை நீட்டுகிறாள். எல்லாத் தாளிலும் ஒரு காலின்மேல் மற்றொரு காலை வைத்து நிற்கிறாள். 

சுடுகிற மொட்டைமாடித் தளத்தில் செருப்பில்லாமல் அப்படி நிற்பவள் நம் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். "செருப்பப் போட்டுக்கிட்டு வாயேம்மா" என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன்!

யாரோ ஒரு பெண் என்று எழுதிவிட்டேன் உனக்கு.

ஒப்புதல் தாளைக் கிழித்துவிடு. இனிக் கேட்கமாட்டேன். அற்புதம்மாளிடமும் மலர்க்கொடியிடமும், படங்கள் இல்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அது உன்னுடையது.

உண். உறங்கு. இரண்டு வரி எழுது.

அக்கா

*

மஸ்கட்
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இங்கே வெயில் தணிந்துவிட்டது. மச்சானிடம் சொல், பேரீச்சம்பழம் அனுப்பமாட்டேன், அவர் நல்லதுக்குத்தான்.

நீ கண்டுபிடித்ததில் எனக்குக் கோபமில்லை. யாராவது ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது போல. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நெடுநேரம் நின்றேன். முதலாளி வந்து, "மாம்பழம் என்னாச்சு?" என்று கேட்டார்.

அவளுக்குத் தன் முகத்தை வரைவது பிடிக்காது. உனக்குத்தான் தெரியுமே, அவள் வீட்டில் உருவப்படம் மாட்டமாட்டார்கள். ஒருநாள் நான் பென்சிலை எடுத்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டாள். "மூஞ்சி வேணாங்க, எங்கத்தா ஏசுவாங்க. முதுகுதான, வரைஞ்சுக்குங்க. முதுக யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். அப்படித் தொடங்கியதுதான். அதன்பிறகு நான் வரைவது தெரிந்தால் வேண்டுமென்றே திரும்பி நிற்பாள். நிற்பவளுக்குக் கால் சுடும். "சீக்கிரம் வரைங்க, தோசைக்கல்லுல நிக்கிறேன்" என்பாள்.

ஆதார் அட்டையில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அது அவள் அல்ல. யாரோ அதட்டி உட்காரவைத்த பெண். கல்யாண வீடியோவில் பாதி முகம் பூ. எனக்கு மிஞ்சியது அந்த முதுகும் பின்னலும் காலும்தான்.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நீ எழுதியபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. எங்கோ ஒரு ஊரில் ஒருவர் அவளை இந்தப் பக்கம் திருப்புவார். திருப்பி ஒரு முகம் வைப்பார். அது அவள் முகமாக இருக்காது. அதை நான் பார்ப்பேன். அதற்கப்புறம் எனக்கு எந்த முகம் ஞாபகம் வரும் அக்கா? இப்போதே சில நாள் காலையில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இதைக் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் முடியாது என்று மட்டும் எழுதினேன்.

ஆனால் அல்ஷிஃபா கேட்டதை நீ எழுதியிருந்தாயே. அடுத்த தாளில் திரும்புவாள் என்று படித்தார்களாம். அக்கா, நானும் அதற்காகத்தான் அடுத்த தாளை வரைந்தேன். நான் மட்டும்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாலக்கரையில் இரண்டு பிள்ளைகள் என்னோடு சேர்ந்து காத்திருந்திருக்கிறார்கள்.

ஒப்புதல் தாளைக் கிழிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மாற்றலாம் என்ற வரிக்கும் சேர்த்துத்தான். ஒரு நிபந்தனை. ஆக்கியவர் பெயரை யாரும் நீக்கக்கூடாது என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்தப் பெயர்களில் அவள் பெயரும் இருக்க வேண்டும். படத்தில் நின்றதற்காக அல்ல. அதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அவள் செய்த வேலைக்காக. அவள் தேநீர் மட்டும் கொண்டுவந்தாள் என்று எழுதியிருந்தாய். நீ கீழே போனதும் உன் தாளை எடுத்து வாய்விட்டுப் படிப்பாள். "ஞாயிறு எழுந்ததாம். ஞாயித்துக்கெழம லீவுல்ல, எதுக்கு எந்திரிக்குது?" என்று சிரிப்பாள். "அக்கா தமிழ் பிரியாணிக் கல்லு மாதிரி, புள்ளைங்க பல்லு போயிரும்" என்பாள். பிறகு உன்னிடம் வந்து பவ்வியமாக, "அக்கா, இந்த எடத்துல சூரியன்னு போட்டா நல்லாருக்குமா?" என்று கேட்பாள். நீ பெரிய மனதோடு ஒப்புக்கொள்வாய். பிள்ளைகள் படித்ததில் பாதிச் சொல் அவளுடையது. 

இந்தத் தடவை கத்தாமல் ஒருமுறை யோசித்துப் பார். சரி என்று பட்டால் வெளியிடு.

ஜமீல்

*

பாலக்கரை
23 திசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அமைதி நிலவுக. உன் மச்சான் பேரீச்சம்பழச் செய்தி கேட்டு உன்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். மற்றபடி யாவரும் நலம்.

யோசித்தேன். நீ சொன்னது முழுதும் உண்மை. மூலத்தாள்களை எடுத்துப் பார்த்தபோது ஓரங்களில் பென்சிலால் எழுதிய சொற்கள் இன்னும் மங்கலாக இருக்கின்றன. ஞாயிற்றை அடித்துச் சூரியன். அங்காடியை அடித்துக் கடை. என் தமிழ் பல்லைப் பெயர்க்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது வேறு கதை.

வெளியீடு திருவரங்கத்தில் அற்புதம்மாளின் பள்ளியில் நடந்தது. மார்கழிக் கூட்டத்தில் அடையவளைந்தான் தெருவைக் கடப்பதற்குள் டோமினிக்கின் சட்டை கசங்கிவிட்டது. ஆசிரியர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சமயபுரத்திலிருந்து ஒருவர், கைலாசபுரத்திலிருந்து சிலர். மலர்க்கொடி மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கியிருந்தார். நான் பேச எழுந்தேன். பதிப்பகங்களின் பூட்டைப் பற்றி ஒரு முழக்கம் ஆயத்தமாக இருந்தது. தொடங்குமுன் ஏட்டின் முதற்பக்கத்தைப் படிக்கவேண்டும் என்றார்கள்.

'கதைகள்: வஹீதா. படங்கள்: ஜமீல். சொற்களை எளிதாக்கியவர்: இர்பானா.'

ஆயத்தமாக இருந்த முழக்கத்தை விட்டுவிட்டு அமர்ந்துவிட்டேன். டோமினிக் நீர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்திலிருந்த அற்புதம்மாள் மெல்லக் கேட்டார்: "யாருங்க டீச்சர் இந்த இர்பானா? அவங்க கூட்டத்துக்கு வரலையா?"

"எல்லாத் தாள்லயும் வந்திருக்காங்கம்மா" என்றேன்.

எங்கள் பள்ளியிலும் வாசிப்பு வகுப்புக்கு இனி இந்த ஏடு என்று நிருவாகம் இசைந்துவிட்டது. படங்களோடு கொடுத்தேன். அல்ஷிஃபா இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டாள். அங்கிருந்தால் படம் நன்றாகத் தெரிகிறதாம்.

நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்தில் நலம் என்று எழுதியிருந்தாய். நீ எழுதும் நலத்தை எந்த அகராதியில் தேடுவது?

அக்கா

*

பாலக்கரை
24 பிப்பிரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

அமைதி நிலவுக. நோன்பு நெருங்குகிறது. அந்தப் பையன் வரவில்லையென்று வெறும் வயிற்றோடு நீயே ஏணி ஏறாதே.

மலர்க்கொடி தம் பள்ளிக்கென்று மாற்றிய ஏட்டைப் பொங்கல் கழிந்ததும் அனுப்பினார். அதில் அவளையும் மாற்றியிருக்கிறார்கள். என்னவென்று நான் எழுதமாட்டேன். பார்த்துவிட்டு உனக்கு அனுப்புவதா வேண்டாவா என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். ரசூலின் தம்பி புறப்படும் நாளில் உறையை அவனிடம் கொடுத்துவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன். "என்னக்கா, குடுக்கிறீங்களா இல்லியா, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு" என்றான். கொடுத்துவிட்டேன்.

பார்க்க மனமில்லையென்றால் பிரிக்காதே. அப்படியே வைத்திரு. பார்த்து வலித்தால் என்னைத் திட்டு. அமைதியாக மட்டும் இருந்துவிடாதே, தம்பி. உன் அமைதிதான் எனக்குப் பெரும் அச்சம்.

அக்கா

*

மஸ்கட்
மார்ச் 14, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நன்றாகப் போகிறது. பள்ளிவாசலில் கஞ்சி கிடையாது, அது ஒன்றுதான் குறை. உங்கள் எல்லாருக்கும் நோன்பு எப்படிப் போகிறது?

உறையை வெகுநாள் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். நேற்று நோன்பு திறந்துவிட்டு, அறையில் எல்லாரும் தராவீஹ் தொழுகைக்குப் போனபின் பிரித்தேன்.

தெருக்குழாய் இல்லை. பாறையிடுக்கில் சுனை. குடம் மண்குடமாகியிருக்கிறது. துப்பட்டா இல்லை, மலைப்பெண்களின் சேலைக்கட்டு. அவளைத் திருப்பவில்லை அக்கா. அப்படியே நிற்கிறாள், கால்மேல் கால் வைத்து. குளிர்ந்த பாறையில் எதற்குக் கால் சுடும்? தெரியாமலே அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 

பின்னலைப் பார்த்தேன். யாரோ அதில் வெள்ளைக் கோடுகள் இழுத்திருக்கிறார்கள். மெல்லிய கோடுகள், நல்ல கை. தோளையும் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறார்கள். கீழே மலர்க்கொடி டீச்சரின் குறிப்பு இருந்தது. 'எங்கள் பிள்ளைகளின் தாய் தந்தையர் வேலைக்காக வெளியூர் போய்விடுகிறார்கள். வீட்டில் தண்ணீர் எடுப்பவர்கள் வயதானவர்களே. ஆகவே இவருக்கு வயதைக் கூட்டினோம். படம் வரைந்தவர் பொறுத்தருள வேண்டும்.'

பொறுத்தருளவா!

இர்பானா போனபோது அவள் தலையில் ஒரு நரை கிடையாது. ஒருநாள் என்னிடம் சொன்னாள், "நீங்க கெழவனானா வழுக்கதான், பாருங்க. எனக்கு மட்டும் நரைக்கவே நரைக்காது, எங்கம்மா வழி." இப்போது எனக்கு வழுக்கை விழத் தொடங்கிவிட்டது. அவளுக்கும் நரைத்துவிட்டது. அவள் சொன்னதில் பாதி தப்பு. அதைச் சொல்லி அவளைக் கேலி செய்ய வேண்டும் போலிருந்தது.

எனக்கு அவளை அப்படி வரையத் தெரிந்திருக்காது. எத்தனை தடவை பென்சிலை எடுத்தாலும் அந்த வயதிலேயே நின்றாள். நான் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தேன். வயதானால் அவள் தோள் எப்படித் தாழும் என்று எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்தே இராத ஒருவர் மலையில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் காட்டிவிட்டார். என்னோடு சேர்ந்து அவளுக்கும் வயதாக இத்தனை நாள் நான்தான் விடாமல் வைத்திருந்தேன் அக்கா.

இப்போது நான் சொல்வதைக் கேள். இந்த ஒருமுறை நான் பேசுகிறேன், நீ கேள். ஸ்ரீரங்கத்தோடும் பச்சைமலையோடும் நிறுத்தாதே. நாகப்பட்டினத்துக்கு அனுப்பு, அவள் கடலைப் பார்த்து நிற்கட்டும். நீலகிரிக்கு அனுப்பு, அங்கே அவளுக்குக் குளிரும், கம்பளி போர்த்திவிடச் சொல். வேறு மொழிக்காரர்களுக்கு அனுப்பு, அவளுக்குத் தெரியாத மொழியெல்லாம் அவள் பேசட்டும். இடுப்பில் பேரப்பிள்ளையைக் கொடுக்கச் சொல். கையில் தடி கொடுக்கச் சொல். யாராவது திருப்பி ஒரு முகம் வைத்தாலும் வைக்கட்டும், அதையும் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிற பள்ளி ஏதாவது இருந்தால் நேரே போய், ஏன் மாற்றவில்லை என்று உன் முழுக்குரலில் கேள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். நாளைக்கு என்று சொல்லாதே. டோமினிக் சாரை எழுப்பு. இன்றைக்கே அனுப்பு.

ஜமீல்